மத்யனின் தராசும் கிந்தாவின் ஈயக்குட்டையும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நாம் ஆலிம் அல்ல. சிறு பிராயத்தில் மத்ரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை முடித்துக்கொண்டு, அத்தாவின் மளிகைக்கடையில் மூட்டை பிரிக்கவும் சில்லறை எண்ணவும் உட்கார்ந்துவிட்ட காம்பார்க் கடைக்காரர். சங்கத்தார் இம்மாத இதழுக்கு ஏதேனும் எழுதித் தரும்படி கேட்டபொழுது தயங்கினோம். தொழுகையைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் எழுத நம்மைவிடத் தகுதியுடையோர் பலர் இருக்கிறார்கள். பிறகு, தராசைப் பற்றி எழுதலாமே என்று தோன்றிற்று. தராசு நமக்குத் தெரிந்த பொருள். அந்தத் தராசோடு சேர்த்து, நாம் குடியிருக்கும் இந்தக் கிந்தாப் பள்ளத்தாக்கின் மண்ணைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்லப் புகுகிறோம்.

ஷுஐபு நபி அலைஹிஸ்ஸலாம் அவர்கள் மத்யன் வாசிகளிடம் அனுப்பப்பட்ட வரலாறு குர்ஆன் ஷரீபில் அஃராபு, ஹூது, ஷுஅரா முதலிய சூராக்களில் வருகிறது. மத்யன் வாசிகள் நம்மைப் போல வாங்கி விற்றுப் பிழைத்தவர்கள். அளவையையும் நிறுவையையும் முழுமையாகக் கொடுக்கும்படி அந்த நபி அவர்களுக்கு உபதேசித்ததை நாம் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் அதை ஒட்டியே, அதே உபதேசத்தில், பூமியில் பஸாது செய்யாதிருக்கும்படியும் கட்டளை வருகிறது. இம்மூன்று சூராக்களிலும் இவ்விரண்டு விஷயங்களும் ஒன்றையொன்று பிரியாமல் நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பஸாது என்றால் கெடுதல், சீர்குலைவு. அஃராபு சூராவிலோ, சீராக்கப்பட்ட பூமியைக் கெடுப்பது என்ற கருத்தோடு வருகிறது.

மத்ரஸாவில் ஓதிய காலத்தில் பஸாது என்றால் அடிதடி, கலகம் என்றுதான் நினைத்திருந்தோம். கடைக்காரனின் படிக்கல்லுக்கும் கலகத்துக்கும் என்ன உறவு என்று அப்போது விளங்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல்தான் கொஞ்சம் விளங்கிற்று. விளங்கிய விதம் சந்தோஷமானதல்ல. அதைப் பின்னால் சொல்கிறோம்.

ஈப்போவிலிருந்து கோப்பேங் வழியாகக் காம்பாருக்கு வருகிறவர் ஒரு பக்கம் நீல மலைத்தொடரைக் காண்பார். மறுபக்கம் தாழ்ந்த வெளி. அந்த வெளியிலே வெயிலில் பளபளக்கும் நீர்ப்பரப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தென்படும். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர், "மாஷா அல்லாஹ்! உங்கள் ஊரில் எத்தனை ஏரிகள்!" என்று வியந்தார். ஏரியல்ல பாய், குழி. மனிதன் ஈயத்துக்காகத் தோண்டிவிட்டுப் போன குழியில் மழைநீர் நின்று ஏரி வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறது. நாம் அதை ஈயக்குட்டை என்கிறோம்.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இப்பள்ளத்தாக்கில் பெரும்பாகம் காடு. ஆற்றோரங்களில் மலாய்க் கம்பங்கள் இருந்தன. மலையடிவார ஓடைகளில் தட்டு வைத்து அலசி ஈயமணல் எடுப்பது நெடுநாளைய வழக்கம். 1880 ஆம் ஆண்டுகளில் கிந்தாவில் ஈயம் ஏராளமாக இருக்கும் செய்தி பரவியதும் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். ஈயத்தை உருக்கக் கரி வேண்டும். கரிக்கு மரம் வேண்டும். ஆகவே மண்ணைத் தோண்டுவதற்கு முன்னாலேயே காடு உலைக்குள் போயிற்று. 1895 இல் தெலுக் அன்சனிலிருந்து, அதாவது இன்றைய தெலுக் இந்தானிலிருந்து, ஈப்போ வரை ரயில் பாதை முடிந்தது. அந்த நூற்றாண்டு முடிகிறபோது உலகத்து ஈயத்தில் ஏறக்குறையப் பாதி மலாயாவிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அதில் பெரும் பங்கு இந்தக் கிந்தாவின் மண்.

ஈயம் எடுக்கும் விதத்தை நமது இளைஞர்கள் பார்த்ததில்லை, ஆகையால் சொல்கிறோம். ஈயக்கல் சாதாரண மணலைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கனம். லம்பத்தில் பெரிய குழாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி மண்சுவரை இடிப்பார்கள். சேறாகக் கரைந்ததைப் பம்பு வைத்து மேலே ஏற்றி, பாலோங் என்னும் நீண்ட மரச்சரிவின் மேல் ஓடவிடுவார்கள். கனமான ஈயம் குறுக்குக் கட்டைகளின் ஓரத்தில் தங்கிவிடும். இலேசான மணலும் களியும் தண்ணீரோடு கீழே ஓடிவிடும். பார்த்தீர்களா, இதுவும் ஒரு தராசுதான்! கனத்தை மனிதன் எடுத்துக்கொண்டான். இலேசானதை யார் தலையிலோ கொட்டினான். யார் தலையில்? ஆற்றின் தலையில், ஆற்றுக்குக் கீழே நெல் போட்டவன் தலையில்.

1913 வாக்கில் பத்து காஜாப் பக்கம் ஈயக் கப்பல் வந்தது. தான் தோண்டிய குட்டையிலேயே மிதந்துகொண்டு, வாளிச் சங்கிலியால் அடிமண்ணை வாரி உள்ளுக்குள்ளேயே அலசி, கழிவைப் பின்னால் துப்பிக்கொண்டு நகர்கிற யந்திரம் அது. தஞ்சோங் துவாலாங்கில் 1938 இல் கட்டிய ஐந்தாம் நம்பர் கப்பலை இன்றும் பார்வைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 4,500 டன் எடையுள்ளது. பிள்ளைகளை ஒரு தரம் அழைத்துப் போய்க் காட்டுங்கள். மனிதனுக்கு அல்லாஹுத்தஆலா எத்தகைய மூளையைக் கொடுத்திருக்கிறான் என்று மலைக்கத் தோன்றும். அப்படியே அதன் பின்னால் விரியும் குட்டையையும் காட்டுங்கள்.

ஈயத்தை நாம் நிந்திக்க வரவில்லை. நமது கடைகளில் அடுக்கியிருக்கும் பிஸ்கோத்து டின், பால் டின், மத்திமீன் டின் எல்லாவற்றிலும் இரும்புத் தகட்டுக்கு மேல் துரு ஏறாமல் பூசியது ஈயம்தானே? ஈயம் கிடைத்ததால் ரயில் வந்தது, பட்டணம் வந்தது, கடைத்தெரு வந்தது, கடைத்தெரு வந்ததால் நாம் வந்தோம். லம்பத்துக் கூலிகளுக்கு அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், சுருட்டு விற்று நமது பாட்டனார் கடை வைத்தார். ஆகவே, தோண்டியவன் சீனன், முதல் போட்டவன் வெள்ளைக்காரன், நமக்கு இதில் பங்கில்லை என்று நாம் கையைத் துடைத்துக்கொள்ள முடியாது. குழியில் இறங்காவிட்டாலும் குழியின் விளிம்பில் கடை போட்டவர்கள் நாம்.

1985 அக்டோபர் மாதம் சர்வதேச ஈயச் சபையின் பணம் தீர்ந்துபோய், லண்டன் சந்தையில் ஈய வியாபாரத்தை நிறுத்தினார்கள். விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. லம்பங்கள் வரிசையாக மூடின. இன்று வட பேராக்கின் கிளியான் இந்தான் போன்ற சொற்ப இடங்களிலேதான் ஈயம் எடுக்கிறார்கள். நமக்கு அப்போது விவரம் தெரியாத வயது. ஆனால் அத்தாவின் பற்று வரவுப் பேரேடு இன்னும் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அந்த வருஷத்துப் பக்கங்களில் பற்று எழுதியவர் பலருடைய பெயருக்கு நேரே வரவு ஏறவேயில்லை. வேலை போய், ஊரை விட்டே போய்விட்டவர்கள். அத்தா யாரையும் தேடிப் போய்க் கேட்கவில்லை. அல்லாஹ் அவர்கள் கபுரை விசாலமாக்குவானாக.

அந்தப் பேரேட்டைப் புரட்டும்போதுதான் நமக்கு ஒரு யோசனை வந்தது. ஈயக் கம்பெனிகளும் பேரேடு எழுதித்தானே இருப்பார்கள்? கூலிச் செலவு, நிலக்கரிச் செலவு, ரயில் சத்தம், கவர்ன்மெண்டு வரி எல்லாம் ஒரு பக்கம். விற்ற ஈயம் மறுபக்கம். எரிந்துபோன காட்டை எந்தப் பக்கத்தில் எழுதினார்கள்? மணல் மேடிட்ட ஆற்றை எந்தப் பக்கத்தில் எழுதினார்கள்? எழுதவேயில்லை. எழுதாத செலவு இலாபமாகத் தோன்றும். இதைத்தான் மத்யன் வாசிகள் படிக்கல்லை வைத்துச் செய்தார்கள். சேருக்குச் சேர் என்று எழுதிவிட்டு முக்கால் சேர் கொடுத்தால் அந்தக் கால் சேர் எங்கே போயிற்று? வாங்குகிறவன் வீட்டு அடுப்பில் குறைகிறது. தராசில் குறைத்தவன் எதிரே நிற்கிற மனிதனின் ஹக்கைத் தின்கிறான். மண்ணையும் தண்ணீரையும் கெடுத்தவன், எதிரே வந்து நின்று கேட்க இன்னும் பிறக்கக்கூட இல்லாத மனிதனின் ஹக்கைத் தின்கிறான். இரண்டும் ஒரே உபதேசத்தில் வந்ததன் காரணம் நமது சிற்றறிவுக்கு இப்படித்தான் படுகிறது. ஆலிம்கள் தவறென்றால் திருத்தட்டும்.

ஈயம் மட்டுமல்ல, இந்நாட்டில் சந்தை கேட்ட சரக்கெல்லாம் இப்படித்தான் நிலத்தின் ரூபத்தை மாற்றியது. கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட கட்டாப்பெர்ச்சா என்னும் மரப்பால் வேண்டுமென்று சீமையில் கேட்டார்கள். மரத்தை வெட்டிச் சாய்த்துத்தான் அந்தப் பாலை எடுப்பார்கள். சில பத்து வருஷங்களுக்குள் காடுகளில் அந்த மரத்தைத் தேடிப் பார்க்க வேண்டியதாயிற்று. பிறகு ரப்பர். 1876 இல் விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அதில் முளைத்த கன்றுகளில் 22 மறுவருஷம் சிங்கப்பூருக்கு வந்தன. சில கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. அங்கே பழைய மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. இதன் பின்னால் காடழிந்து தோட்டங்கள் வந்த கதையும், நம் தமிழ் ஜனங்கள் கூட்டங் கூட்டமாக லயன்களுக்கு வந்த கதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு விஷயம் மட்டும். அந்நாளில் துரைமார்கள் மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாதென்று உத்தரவு போட்டு, நமது தாய்மாரைக் கொண்டு மண்ணைச் சுத்தமாகச் சுரண்ட வைத்தார்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. மழை பெய்தபோது மேல்மண் அத்தனையும் மலைச்சரிவிலிருந்து ஆற்றுக்குப் போயிற்று. பின்னாளில் தங்கள் தவற்றை உணர்ந்து, கொடிப்பயிறுகளைத் தாங்களே விதைத்து நிலத்தை மூடச் செய்தார்கள். புல்லும் ஒரு வேலைக்காக நின்றது என்பது மண் போன பிறகு தெரிந்தது.

மண் போனால் எங்கே போகும்? சிலாங்கூரிலே கோலகுபு என்றொரு ஊர். அதுவும் ஈய ஊர்தான். 1883 அக்டோபரில் ஊருக்கு மேலிருந்த பழைய அணை உடைந்து வெள்ளம் புகுந்தது. ரேங்கிங் என்ற வெள்ளைக்கார அதிகாரியும் மாண்டார். அதோடு தீரவில்லை. மேலே மலையில் ஈயம் எடுத்தவர்கள் விட்ட மணலும் களியும் வருஷா வருஷம் ஆற்றில் இறங்கி ஆற்றின் படுகை உயர்ந்துகொண்டே வந்தது. படுகை உயர்ந்தால் வெள்ளம் ஊருக்குள் வரும். வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. ஊர் மணலுக்குள் தாழ்ந்தது. கடைசியில் 1930 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஊரையே மேட்டுக்குப் பெயர்த்துக் கோலகுபு பாரு என்று புது ஊர் கட்டினார்கள். நாம் இதை நினைக்கும்போதெல்லாம் அங்கே கடை வைத்திருந்த ஒரு வியாபாரியை மனத்தில் பார்க்கிறோம். லம்பத்துக்காரனுக்குச் சாமான் விற்றுச் சம்பாதிக்கிறார். அந்த லம்பத்து மணல் ஒவ்வொரு மழைக்கும் கடைப்படியில் ஒவ்வொரு விரற்கடை ஏறுகிறது. அவர் அதைக் கூட்டித் தள்ளிவிட்டு மறுபடியும் கடையைத் திறக்கிறார்.

சஹீஹுல் புகாரியில் ஒரு கப்பலின் உவமானம் வருகிறது. மேல்தட்டில் சிலர், கீழ்த்தட்டில் சிலர். கீழ்த்தட்டுக்காரர்கள் தண்ணீருக்காக அடிக்கடி மேலே வந்து தொந்தரவு கொடுப்பதைவிட, தங்கள் பங்கிலேயே ஒரு துவாரம் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். மேலிருப்பவர்கள் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். தடுக்காவிட்டால் எல்லோரும் முழுகுவார்கள். இதன் ஆழத்தைப் பாருங்கள். துவாரம் போட்டவர்களுக்குக் கெட்ட எண்ணமில்லை. பிறரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நல்லபடியாகத்தான் நினைத்தார்கள்! தங்கள் பங்கு, தங்கள் சௌகரியம், தங்கள் கோடரி. ஆனால் தண்ணீருக்குப் பங்கு தெரியாது.

நிற்க. மனிதன் நிலத்தில் கை வைக்கவே கூடாது என்று நாம் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். கை வைக்காமல் எப்படிப் பிழைப்பது? நமது பாட்டனார் இராமநாதபுரம் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவர். வானம் பார்த்த பூமி. வருஷத்தில் சில வாரங்கள் பெய்கிற மழையை வைத்து வருஷம் முழுவதும் குடித்து, விளைவித்துப் பிழைக்க வேண்டும். அதற்காக அங்கே முன்னோர்கள் மண்ணை வெட்டிக் கரை போட்டுக் கண்மாய்கள் ஆக்கினார்கள். ஒரு கண்மாய் நிரம்பினால் மிச்சம் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். ராஜசிங்கமங்கலம் கண்மாய்க்கு 48 மடைகள் என்று பாட்டனார் பெருமையாகச் சொல்வாராம். அதுவும் மனிதன் தோண்டிய குழிதான். நமது ஈயக்குட்டையும் மனிதன் தோண்டிய குழிதான். பின் என்ன வித்தியாசம்? கண்மாயை வெட்டியவன் அதை விட்டுவிட்டுப் போகவில்லை. குடிமராமத்து என்று பெயர். கோடையில் தண்ணீர் வற்றியதும் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து வண்டலை அள்ளி வயலில் கொட்ட வேண்டும், கரையைத் திருத்த வேண்டும். முஸ்லிம், இந்து என்ற பேதமில்லை. பாயும் பாய்ச்சலும் எல்லோருக்கும் பொது. பிற்காலத்தில் அந்த வழக்கம் தளர்ந்தது. சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று குடிகள் விட்டார்கள். இன்று அப்பக்கம் போனால் எத்தனையோ கண்மாய்களுக்குள் சீமைக்கருவேலம் மண்டி நிற்கக் காணலாம்.

யமன் தேசத்து மஃரிப் அணையின் கதியும் இதுதான். ஸபா சூராவிலே சொல்லப்பட்ட ஸபா கூட்டத்தாரும் வியாபாரிகளே. வலமும் இடமும் தோட்டங்கள் வைத்து வாழ்ந்தவர்கள், நன்றி மறந்ததனால் அணை வெள்ளத்தில் அத்தனையும் இழந்தார்கள் என்று அறிகிறோம். சரித்திரக்காரர்கள் என்ன சொல்கிறார்களென்றால், அந்த அணை பல தடவை உடைந்தது, பல தடவை பழுது பார்த்தார்கள் என்கிறார்கள். யானைப்படை கொண்டு வந்த அப்ரஹா 548 இல் அதைப் பழுது பார்த்ததாகக் கல்வெட்டே இருக்கிறது. அதற்குச் சில பத்து வருஷங்களுக்குப் பின் கடைசியாக உடைந்தது. திரும்பக் கட்ட ஆளில்லை. மறை சொல்வதும் சரித்திரம் சொல்வதும் நமக்கு வேறு வேறாகப் படவில்லை. கிடைத்த நிஃமத்தைப் பேணாமல் விடுவதைத் தவிர நன்றிகேடு என்று எதைச் சொல்வது?

இனி, நமக்கு விளங்கிய விதத்துக்கு வருகிறோம். வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டியதாயிருக்கிறது.

நமது கடையில் சேரும் கழிவை மாவட்ட மன்ற வண்டி முழுவதும் எடுக்காது. அழுகிய வெங்காயம், உருளை, கிழிந்த சாக்கு, தேதி போன டின்கள், உடைந்த போத்தல் இவையெல்லாம் வாரத்துக்கு ஒரு சிறு லாரி சேரும். ஒருவர் வந்து குறைந்த சத்தத்துக்கு அள்ளிக்கொண்டு போவார். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் சத்தம் கூடும் என்பது உள்ளுக்குள் தெரிந்திருந்தது என்றுதான் இப்போது எண்ணுகிறோம். இப்படிச் சில வருஷங்கள்.

ஒரு நாள் அஸருக்கு முன், மாலிம் நாவார்ப் பக்கம் பழைய ஈயக்குட்டையில் மீன் வளர்க்கும் வயோதிகச் சீனத் தவுக்கே ஒருவர் கடைக்கு வந்தார். நம்மிடம் பல வருஷமாக அரிசி வாங்குகிறவர். கையில் நனைந்த சாக்கொன்று. அதைக் கல்லாவுக்கு முன்னால் தரையில் விரித்தார். சாக்கின் மேல் நீல மையில் நமது கடை மார்க்கு. அதற்கு மேலே, நமது பழைய வழக்கப்படி எழுதிய 786.

"மாமா, இது உன்னுடையதுதானே?" என்று மலாயில் கேட்டார்.

ஆமென்றோம்.

"என் குட்டைக்கு மேலே இருக்கிற குட்டையில் இது நிறையக் கிடக்கிறது. மழை பெய்தால் என் பக்கம் வருகிறது. இரண்டு தரம் மீன் செத்துவிட்டது. நான் யாரிடமும் புகார் சொல்லவில்லை. உன்னிடம்தான் வந்தேன்."

சகோதரர்களே, அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நமக்கும் பதில் பேச வாய் வந்திருக்கும். லாரிக்காரன் செய்த வேலை, நமக்குத் தெரியாது என்று சொல்லியிருப்போம். உண்மையில் அந்தப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. 786 ஐப் பார்த்ததும் நின்றுவிட்டது. பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கும் வியாபாரம் என்று அறிவிக்க நாம் எழுதிய எண், அந்த வயோதிகரின் மீனைக் கொன்ற அழுக்கோடு கிடந்தது. தண்ணீர்த் துறையில் அசுத்தம் செய்வதை நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சாபத்துக்குரிய காரியமாக எச்சரித்திருப்பதைச் சிறு பிள்ளையில் ஓதியிருக்கிறோம். தேங்கிய நீரில் சிறுநீர் கழிக்கவே தடை. ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்று கற்றுக்கொடுத்த மார்க்கம் நமது மார்க்கம். அதையெல்லாம் பள்ளிவாசல் ஹவுளுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கடைத்தெருவுக்கு வந்திருக்கிறோம்.

மறுநாள் தவுக்கேயோடு போய்ப் பார்த்தோம். நமது சாக்குகள் மட்டுமல்ல. கடைத்தெருவில் நமக்குத் தெரிந்த பல மார்க்குகள் அங்கே இருந்தன. யாருடையவை என்று இங்கே எழுதப் போவதில்லை. கருகிய எண்ணெய் மேலே படர்ந்து வெயிலில் மின்னிற்று. கரையோரம் நாரைகள் நின்றன. தோண்டிவிட்டுப் போன இந்தக் குட்டைகளை அல்லாஹ் அப்படியே விட்டுவிடவில்லை என்பது அங்கே நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. மனிதன் மணலாக விட்டதில் புல் முளைத்திருக்கிறது, மீன் வந்திருக்கிறது, மீனுக்காகப் பறவை வந்திருக்கிறது. பத்து காஜாப் பக்கம் பறவைகள் கூடு கட்டும் குட்டைகளைப் பார்க்க வெளியூர்களிலிருந்து வருகிறார்கள். மனிதர்களும் சும்மா இருக்கவில்லை. உரம் போட்டு மணலில் கீரையும் கொய்யாவும் விளைவிக்கிறார்கள்; வாத்து வளர்க்கிறார்கள். நமது காம்பாரிலேயே 2007 இல் வந்த பல்கலைக்கழகம் ஈயக்குட்டைகளைச் சுற்றித்தான் எழும்பியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் வந்த பிறகு நம் கடைத்தெருவில் உயிர் வந்ததை யார் மறுக்க முடியும்? ஈயத்தோடு செத்துவிடும் என்றிருந்த ஊர் இது. ஒருவன் கெடுத்ததை இன்னொருவன் நாற்பது வருஷம் பாடுபட்டுச் சீராக்குகிறான்; சீரானதை நாம் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்க் கெடுக்கிறோம். அஃராபு சூராவில் ஓதிய அந்த இடம், குட்டைக்கரையில் நின்றபோது நினைவுக்கு வந்தது.

தவுக்கேக்கு மீனின் கிரயத்தைக் கொடுத்தோம். வாங்க மறுத்தார், நிர்ப்பந்தித்துக் கொடுத்தோம், ஏனென்றால் அது தர்மமல்ல, கடன். பழைய லாரிக்காரரை நிறுத்திவிட்டு, முறையான குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோய் ரசீது தருகிற ஆளை வைத்தோம். சத்தம் ஒன்றரை மடங்கு ஆயிற்று. இலாபத்தில் அது குறைந்ததாகச் சில நாள் மனம் சொல்லிற்று. பிறகு யோசித்தால், அது நமது இலாபமாக என்றைக்கும் இருந்ததில்லை. தவுக்கேயின் மீனிலிருந்து மாதாமாதம் எடுத்துக்கொண்டிருந்தது.

இதைப் படிக்கும் சகோதரர்களில் சிலர், இத்தனை பெரிய லம்பங்கள் செய்த அழிவுக்கு முன்னால் கடைக்காரனின் சாக்கு எம்மாத்திரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1996 ஆகஸ்டு 29 ஆம் தேதி நமது ஊருக்கு அருகே போஸ் டிப்பாங்கில் பெருமழைக்குப் பின் மலையிலிருந்து சேறும் மரக்கட்டைகளும் திரண்டு இறங்கி, ஆற்றோரம் குடியிருந்த 44 பூர்வகுடி மக்களைக் கொண்டுபோயிற்று. அப்போது நாம் இளவயது. அத்தா கடையிலிருந்து அரிசியும் போர்வையும் ஏற்றி அனுப்பியது நினைவிருக்கிறது. மலை இடியும்போது சாக்கு என்ன செய்யும் என்று நாமும் நினைத்ததுண்டு. ஆனால் கியாமத்து நாளில் மலையின் கணக்கை நம்மிடம் கேட்கப் போவதில்லை. நமது மார்க்குப் போட்ட சாக்கின் கணக்கைத்தான் கேட்பார்கள்.

சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. பொரித்துக் கருகிய எண்ணெயை இப்போது காசு கொடுத்தே வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டிக்கு எரிபொருள் செய்வதற்கு. அதைச் சாக்கடையில் ஊற்றுவது ஹக்கை அழிப்பது மட்டுமல்ல, காசையும் ஊற்றுவது. வியாபாரிக்கு இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

கடைசியாக ஒரு அறிவிப்பு. சங்கத்தாரின் அனுமதியோடு இதை எழுதுகிறோம். வரும் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, சுபுஹுத் தொழுகை முடிந்ததும், அந்த மேல் குட்டைக் கரையைச் சுத்தம் செய்யப் போகிறோம். வீட்டுக்கு ஒரு ஆள், பழைய கண்மாய் வழக்கப்படி. தவுக்கே தம்முடைய சிறு படகைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய மகன்களும் வருவார்கள். கையுறையும் மண்வெட்டியும் அவரவர் கொண்டுவர வேண்டும். நீந்தத் தெரியாத பிள்ளைகளை அழைத்து வராதீர்கள்; ஈயக்குட்டை கரையிலிருந்து இரண்டடி தள்ளியதும் ஆழம் இறங்கிவிடும், அதில் போன உயிர்கள் நம் வட்டாரத்தில் கொஞ்சமல்ல. எடுக்கும் சாக்குகளில் யாருடைய மார்க்கு இருந்தாலும் யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாதென்று பேசி வைத்திருக்கிறோம். பசியாறல் நமது கடையில். இடியப்பமும் ஆட்டுக்கறி ஆணமும்.

வஸ்ஸலாம்.